கைமா பிஸ்கட் கேசரோல்: மேலே சிவக்கிறது, அடியில் மாவாகவே நிற்கிறது

பழையபேட்டை மருமகள்

வணக்கம். கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். இங்கே பிரியாணிக்கும் நாட்டுக்கோழிக்கும் பதில் சொல்லப் பெரிய ஆட்கள் இருக்கிறீர்கள். என் கேள்வி கொஞ்சம் சீமைச் சமாச்சாரம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸில் இருக்கும் எங்கள் அண்ணி வேலை நாட்களில் ராத்திரிக்கு அடிக்கடி ஒன்று செய்வார். மாட்டுக்கறி கைமாவை வெங்காயம், தக்காளி சாஸோடு வதக்கி ஒரு அகலப் பாத்திரத்தில் பரப்பி, மேலே பிஸ்கட் மாவை வட்டம் வட்டமாக அடுக்கி, சீஸ் தூவி ஓவனுக்குள் தள்ளிவிடுவார். பிஸ்கட் என்றால் டீயில் தொட்டுக்கொள்வது அல்ல, பேக்கிங் பவுடர் போட்டு உப்ப வைக்கும் மெத்தென்ற குட்டி ரொட்டி. அரை மணி நேரத்தில் கறியும் ரொட்டியும் ஒன்றாக வெந்து வந்துவிடும். அண்ணிக்கு அந்த மாவு டப்பாவில் தயாராகவே கிடைக்கிறது. இங்கே நான் மைதாவில் பிசைகிறேன்.

வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில் வேலை. கம்பெனி பஸ் சூளகிரியில் மாட்டாமல் வந்தால் ஏழே முக்கால். நான் ஆறரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். பிள்ளைகள் இரண்டும் எட்டரைக்கு மேல் தாங்காது, சோஃபாவிலேயே தூங்கிவிடும். அதனால் எட்டு மணிக்குத் தட்டில் இருக்க வேண்டும்.

பிரச்சினை இதுதான். 190 டிகிரியில் 25 நிமிடம் வைத்தால் மேலே அழகாகச் சிவந்துவிடுகிறது. எடுத்துப் பிளந்தால் அடிப்பாகம் வெள்ளையாகக் கொழகொழவென்று ஒட்டுகிறது. ஓரத்தில் எல்லாம் தண்ணீர். கைமாவும் மென்று பார்த்தால் ரப்பர் மாதிரி இருக்கிறது. அண்ணி சொன்ன அளவில்தான் எல்லாம் போடுகிறேன். கண்ணாடிப் பாத்திரம், சின்ன ஓடிஜி (மேடையில் வைக்கும் கரண்ட் ஓவன்). எங்கே இடிக்கிறது?

ரெண்டாவது ஷிப்ட்

குக்கரில் சாதம், கடாயில் கைமா வறுவல், ரசம். நாற்பது நிமிடம். ஓவனுக்கு லீவு கொடுங்கள் சகோதரி.

எலத்தகிரி அடுப்படி

ஷிப்ட் தம்பி, அது அவளுக்குத் தெரியாதா? பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் வேறு மாதிரி கொடுக்க வேண்டும் என்று கேட்கிறாள்.

மருமகளே, என் மகள் ஒஹையோவில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்குப் போயிருந்தபோது அந்த வீட்டுச் சமையல் முழுக்க என் கையில்தான். இந்தச் சாப்பாடு மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும். எலத்தகிரிக்குத் திரும்பிய பிறகும் விடாமல் செய்கிறேன். அங்கே வருகிற அளவு இங்கே வராததற்குக் காரணம் உன் கை இல்லை. கறி வேறு, தக்காளி வேறு, மாவு வேறு. அளவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் எப்படிச் சரியாகும்?

முதலில் அடி வேகாத விஷயம். கைமாவை வதக்கி இறக்கி, ஓரமாக வைத்துவிட்டு அதற்கப்புறம் மாவு பிசைகிறாய், சரிதானே? அதற்குள் கைமா ஆறிவிடும். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்காமல் தட்டை வைக்க மாட்டோம் இல்லையா, அதே கணக்குதான். பிஸ்கட்டின் மேல்பக்கத்துக்கு ஓவன் சூடு கிடைக்கிறது, அடிப்பக்கத்துக்குக் கறியின் சூடு மட்டும்தான். கறி ஆறிப்போய் இருந்தால் ஓவன் முதலில் அந்தக் கறியைச் சூடாக்க வேண்டும், பிறகுதான் மாவின் அடி வேகும். அதற்குள் மேலே சிவந்து முடிந்துவிடும். ஆகவே மாவை முதலில் தயார் செய்து வைத்துக்கொள். கைமா தளதளவென்று கொதிக்கும்போது பாத்திரத்தில் கொட்டி, கையோடு மாவை வைத்து, ஏற்கெனவே பத்துப் பதினைந்து நிமிடம் காய்ந்த ஓவனுக்குள் தள்ளு. இதை மட்டும் மாற்றினாலே பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

அடுத்தது சீஸ். மேலே சிவந்தது மாவு என்று நினைக்கிறாய். அது சீஸ். சீஸ் சீக்கிரம் சிவக்கும், மாவு வேகாமலே வெந்த மாதிரி காட்டும். கடைசி ஏழெட்டு நிமிடத்தில் தூவினால் போதும். வெந்ததா என்று பார்க்க மேலே பார்க்காதே. நடுவில் இருக்கும் பிஸ்கட்டைக் கரண்டி நுனியால் லேசாகத் தூக்கி அடியைப் பார். நடுவில் வெந்தால் ஓரத்தில் நிச்சயம் வெந்திருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றால், தக்காளியில் இருந்து. அண்ணி டப்பாவில் இருந்து ஊற்றுவது ஏற்கெனவே காய்ச்சிக் கெட்டியாக்கிய சாஸ். நம் தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். ராயக்கோட்டைத் தக்காளி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சுண்ட விட நேரம் வேண்டும். அரைக் கிலோ கறிக்கு நான்கு பெரிய தக்காளி அரைத்து ஊற்றி, எண்ணெய் பிரிந்து, கரண்டியால் கோடு போட்டால் கோடு உடனே மூடாத அளவுக்குக் கொண்டு வா. வேலை நாளில் அவ்வளவு நேரம் இல்லை என்றால் வெங்காயம் வதங்கியதும் ஒரு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி ஒரு நிமிடம் வறுத்துவிட்டுத் தக்காளி ஊற்று. கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். முழுக்க உலர்த்திவிடவும் கூடாது, பிஸ்கட்டின் அடிக்கு ஆவி வேண்டும்.

கறி ரப்பராவது இன்னொரு கதை. அமெரிக்காவில் விற்கும் கைமாவில் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் கொழுப்பு இருக்கும், மெஷினில் மெல்லிசாக அரைத்தது, மாடும் இளசு. அதைச் சட்டியில் பத்து நிமிடம் வதக்கினால் வெந்துவிடும். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வயதான மாடு, எருமை. கொழுப்பை வேறு நீக்கிவிட்டுத் தருவார்கள். அதைப் பத்து நிமிடத்தில் மெத்தென்று ஆக்கவே முடியாது. கடைக்காரரிடம், பாய், ஒரு கைப்பிடி கொழுப்பும் சேர்த்து மெஷினில் இரண்டு தடவை போட்டுக் கொடுங்கள் என்று சொல். வீட்டுக்கு வந்ததும் இஞ்சி பூண்டு, மஞ்சள்தூள், உப்பு போட்டு, தண்ணீர் ஊற்றாமல் குக்கரில் சின்னத் தீயில் நாலு விசில். கறியே தண்ணீர் விடும். திறந்து அந்தத் தண்ணீரை வற்ற விடு. கைமாவைக் கழுவுகிற பழக்கம் உண்டென்றால் வடிகட்டியில் வைத்து நன்றாக வடித்துவிட்டுக் குக்கரில் போடு.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேலை. வேலை நாளில் செய்யக் கூடாது. அரைத்த கறியைப் பச்சையாக ஃபிரிட்ஜில் நாள் கணக்கில் வைக்கவும் கூடாது. முழுத் துண்டில் கிருமி மேலோடு இருக்கும், அரைத்தால் உள்ளே எல்லா இடத்திலும் கலந்துவிடும். வேகவைத்தது மூன்று நாள் ஃபிரிட்ஜில் தாங்கும். அதற்கு மேல் என்றால் பாக்கெட்டில் தட்டையாகப் பரப்பி ஃபிரீசரில் வை, காலையில் கிளம்பும்போது கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட்டுப் போ.

மாவுக்கும் அதேதான். இரண்டு கப் மைதா, அதாவது 250 கிராம், மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 75 கிராம் குளிர்ந்த வெண்ணெய். உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம். விரல் நுனியால் உதிரி உதிரியாகத் தேய்த்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடு. அந்த வாரத்துக்குள் பயன்படுத்திவிடலாம். ராத்திரி 150 மில்லி குளிர்ந்த பால் ஊற்றி முள்கரண்டியால் நாலு கிளறு, அவ்வளவுதான். சப்பாத்திக்குப் பிசைகிற கை இருக்கிறதே, அதைப் பையில் போட்டுக்கொள். பிசையப் பிசைய மாவு இழுபட்டு ரொட்டி கெட்டியாகும். தேய்க்க வேண்டாம், வட்டமாக வெட்டவும் வேண்டாம். கரண்டியால் எலுமிச்சை அளவு எடுத்து வைத்து, மேலே லேசாக அமுக்கிவிடு, அரை அங்குல உயரம் இருந்தால் போதும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் விரல் அகல இடைவெளி விடு. ஆவி வெளியே போக வழி வேண்டும். நெருக்கி அடுக்கினால் அடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

டப்பா மாவைத் தேடி அலையாதே. லூயிவில் ஊரைச் சேர்ந்த லைவ்லி வில்லபி என்ற பேக்கரிக்காரர் 1931 இல் காப்புரிமை வாங்கிய யோசனை அது. டப்பாவுக்குள்ளேயே மாவு கொஞ்சம் உப்பி அழுத்தத்தோடு நிற்கும், தட்டித் திறந்தால் பட்டென்று வெடிக்கும். முதல் தடவை பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் டப்பாவில் உதிர்த்து வைத்த மாவு ருசியில் அதைத் தாண்டும்.

பழையபேட்டை மருமகள்

அம்மா, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. ரொம்ப நன்றி. கொதிக்கிற கைமாவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டினால் வெடிக்காதா? அப்புறம், வட்டமாகச் செய்து ஃபிரீசரில் வைத்துவிட்டு அப்படியே எடுத்து அடுக்கலாமா?

எலத்தகிரி அடுப்படி

கண்ணாடியை விட்டுவிடு. ஃபிரிட்ஜில் இருந்தோ குளிர்ந்த மேடையில் இருந்தோ எடுத்த கண்ணாடியில் கொதிப்பதைக் கொட்டுவது ஆபத்துதான். அது தடித்த பாத்திரம், சூடேற நேரமும் எடுக்கும். அலுமினிய கேக் டின் அகலமானது ஒன்று வாங்கிக்கொள். இல்லையென்றால் கைப்பிடியில் பிளாஸ்டிக் இல்லாத அகலமான ஸ்டீல் சட்டியிலேயே வதக்கி, அதே சட்டியை ஓவனுக்குள் வை. பாத்திரம் கழுவுகிற வேலையும் ஒன்று குறையும்.

உறைந்த வட்டங்களைத் தட்டில் தனியாக வைத்துச் சுட்டால் நன்றாக வரும். கறியின் மேல் வேண்டாம். உறைந்த மாவு கறியின் சூட்டை உறிஞ்சிவிடும், மறுபடியும் அடி வேகாத கதைக்கே வந்து நிற்பாய்.

ஓசூர் மெயின்டெனன்ஸ்

சமையல் எனக்குத் தெரியாது, கம்பி தெரியும்.

ஓடிஜியில் மேல் கம்பி, கீழ்க் கம்பி, இரண்டும் சேர்த்து என்று ஒரு திருகு இருக்கும். அது இரண்டிலும் எரிகிற மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்க் கம்பி போய்விட்ட ஓவன்களை நிறையப் பார்த்திருக்கிறேன், வீட்டுக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. இருட்டில் ஓடவிட்டால் கீழே செக்கச்செவேல் என்று தெரிய வேண்டும்.

இன்னொன்று வோல்டேஜ். ராத்திரி ஏழு எட்டு மணிக்கு உங்கள் தெருவில் இறங்குகிறதா? 230 வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் குறைவு கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் கம்பியின் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்குத் தகுந்த மாதிரி குறையும். 1500 வாட் ஓவன் சுமார் 1000 வாட் ஓவனாகிவிடும். மூன்றில் ஒரு பங்கு சூடு காணாமல் போகிறது. அதனால் ஓவன் காய்வதற்கே கூடுதல் நேரம் எடுக்கும். அண்ணி சொன்ன 25 நிமிடத்தைக் கடிகாரத்தில் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பதைப் பாருங்கள்.

16 ஆம்ப் பிளக்கில் மட்டும் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். கரண்ட் பில் பயம் இருந்தால், 1500 வாட் முழுசாக 40 நிமிடம் ஓடினாலும் ஒரு யூனிட்தான்.

பாலக்கோடு சம்சாரி

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. ஆனாலும் செய்கிறோம். சொல்லட்டுமா?

அடி கனமான அகலச் சட்டியில் கைமா கொதிக்கும்போதே மேலே மாவை வைத்து, இறுக்கமான மூடி போட்டு, சின்னத் தீயில் பதினைந்து நிமிடம். நடுவில் திறந்து பார்க்கவே கூடாது. மாவு உப்பி வெந்துவிடும், ஆனால் வெள்ளையாக இருக்கும். பிள்ளைகள் முகம் சுளிக்கும். அதற்கு ஒரு வழி, வெந்ததை எடுத்து நெய் தடவின தோசைக்கல்லில் மேல்பக்கத்தைக் கவிழ்த்து ஒரு நிமிடம் வைத்தால் பொன்னிறமாகிவிடும். திரும்பக் கைமா மேல் அடுக்கிக் கொடுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

தக்காளி எங்கள் ஊர் மண்டியில் விலை விழும்போது கூடையாக வாங்கி, வேகவைத்துத் தோலுரித்து அரைத்துச் சுண்டக் காய்ச்சி ஃபிரீசரில் வைத்துவிடுவாள் வீட்டில். டப்பா சாஸுக்கு வேலையே இல்லை.

ஒரு கேள்வி எனக்கும். எங்களுக்கு ராகி இல்லாமல் ராத்திரிச் சாப்பாடு இறங்காது. மைதாவுக்குப் பதில் ராகி மாவு போடலாமா? அப்பாவுக்குச் சர்க்கரை வேறு.

எலத்தகிரி அடுப்படி

சம்சாரி தம்பி, மூடி போட்டு வேகவைக்கிற வழி அருமை. ஒன்று மட்டும் சொல்கிறேன், இரும்புக் கடாயில் செய்யாதே. தக்காளியின் புளிப்புக்குக் கறுத்துவிடும், வாயில் இரும்பு ருசி தட்டும்.

ராகி முழுக்கப் போட்டால் பிஸ்கட் நிற்காது, உதிர்ந்து கைமாவில் கலந்துவிடும். ராகியில் மைதாவைப் போல இழுத்துப் பிடிக்கிற பசை கிடையாது. நான்கில் ஒரு பங்கு ராகி, மீதி மைதாவோ கோதுமையோ போடு. ராகி தண்ணீரை அதிகம் குடிக்கும், பால் இரண்டு கரண்டி கூட ஊற்றி ஐந்து நிமிடம் ஊற விட்டு வை. வாசனை நன்றாக இருக்கும், கைமாவுக்கு அது பொருத்தமும்கூட. சர்க்கரைக்கு என்று நீ நினைத்துப் போடாதே தம்பி. மீதி முக்கால் பங்கு மைதாவோ கோதுமையோதான், வெண்ணெயும் இருக்கிறது. அப்பாவுக்குக் கைமாவை அதிகமாகவும் பிஸ்கட்டை ஒன்றோடும் நிறுத்திவிட்டு, பக்கத்தில் கீரையோ பீன்ஸ் பொரியலோ வை.

பழையபேட்டை மருமகள்

நேற்று ராத்திரி செய்தேன். சொன்ன மாதிரியே கைமா ஞாயிறன்றே குக்கரில் வெந்து ஃபிரிட்ஜில் இருந்தது. பாய் இரண்டு தடவை போட்டுக் கொடுத்தார், எதற்கு என்று கேட்டார், சொன்னேன், சிரித்தார். ஆறே முக்காலுக்கு ஓவனைக் காயப் போட்டு, தக்காளி விழுதோடு கைமாவைக் கொதிக்கவிட்டு, மாவைக் கிளறி வைத்தேன். ஏழு இருபதுக்கு உள்ளே போனது, ஏழு ஐம்பதுக்கு வெளியே வந்தது. அடி வெந்துவிட்டது! நடுவில் இருந்த இரண்டு மட்டும் கொஞ்சம் ஈரம், ஆனால் மாவு இல்லை. கீழ்க் கம்பியும் எரிகிறது அண்ணா, பார்த்துவிட்டேன்.

ஆனால் உப்பு கூடிவிட்டது. வெண்ணெய், சீஸ், கைமா எல்லாவற்றிலும் உப்பு. வீட்டுக்காரர் எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டார். பெரியவன் பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கைமாவை ஓரம் கட்டினான், சின்னவள் நேர் எதிர். அடுத்த வாரம் என் நாத்தனார் குடும்பம் வருகிறது, அவர்கள் பெரிய கறி சாப்பிட மாட்டார்கள். கோழிக் கைமாவில் செய்யலாமா?

எலத்தகிரி அடுப்படி

உப்புக்குக் குக்கரில் போடும்போதே பாதியாகக் குறைத்துக்கொள். சீஸ் கட்டி இரண்டு துருவினால் போதும், மலை மாதிரி குவிக்க வேண்டாம். நடுவில் ஈரம் தங்கினால் நடுவை மட்டும் காலியாக விட்டுவிட்டு ஓரத்தில் சுற்றி அடுக்கு. நான் அப்படித்தான் வைப்பேன். நடுவில் கைமா குமிழியிட்டுக்கொண்டு தெரிவது பார்க்கவும் நன்றாக இருக்கும்.

கோழி தாராளமாகப் போடலாம், ஆனால் கோழிக் கைமா தண்ணீர் அதிகம் விடும், குக்கர் தேவையே இல்லை. பெரிய தீயில் அகலச் சட்டியில் போட்டு, தண்ணீர் முழுக்க வற்றி ஓரம் சிவக்கும்வரை கிளறு. கொழுப்பும் குறைவு, அதனால் வதக்கும்போது ஒரு கரண்டி வெண்ணெய் சேர். மிளகு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும். ஆட்டுக் கைமா என்றால் மாட்டுக்குச் சொன்னதேதான், குக்கரில் மூன்று விசில் போதும்.

நாத்தனார் குடும்பத்தில் எத்தனை பேர்? ஆறு பேருக்கு மேல் என்றால் ஒரே பாத்திரத்தில் உயரமாகக் குவிக்காதே, இரண்டாகப் பிரி. ஓடிஜியில் ஒரு பாத்திரம்தான் ஒழுங்காக வேகும், அதனால் இரண்டாவதைச் சம்சாரி தம்பி சொன்ன மாதிரி அடுப்பில் மூடி போட்டு வைத்துவிடு.

பழையபேட்டை மருமகள்

ஏழு பேர் அம்மா. இரண்டாகவே வைக்கிறேன். ஓவனில் வைப்பது கோழி, அடுப்பில் எங்களுக்கு மாடு. ராகி கலந்த பிஸ்கட்டையும் அடுப்பில் வைப்பதில் பாதிக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.